ஸ்பீக்கர் ஓமும் ஆம்ப்ளிஃபையரும்: பார்த்து, அளந்து, கணக்கிட்டு இணைக்க முழுமையான வழிகாட்டி

ஸ்பீக்கரின் பின்புறம் 4 ஓம் (மின் எதிர்ப்பின் அலகு) என்று போட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 8 ஓம் என்று இருக்கிறது. இணைக்கலாமா, கூடாதா? வீட்டு ஸ்டீரியோவில் அதிகம் எழும் கேள்வி இதுதான். பதிலில் குழப்பம் வருவதற்குக் காரணம் "மேட்சிங்" என்ற சொல். இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அது நினைக்க வைக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் கொடுப்பது மின்னழுத்தம். எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது ஸ்பீக்கர். அந்தக் கரண்டை ஆம்ப்ளிஃபையரால் சூடேறாமல், திணறாமல் கொடுக்க முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய ஒரே விஷயம்.

இதை எண்ணில் பார்த்தால் உடனே தெளிந்துவிடும். 8 ஓமில் 50 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபையர் முழு சத்தத்தில் 20 வோல்ட் வெளியே தள்ளுகிறது. 20 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும். கணக்குப்படி அது 100 வாட்ஸ். 2 ஓம் என்றால் 10 ஆம்பியர், 200 வாட்ஸ். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையரின் பாரம் ஏறுகிறது. 16 ஓம் போட்டால் பாரம் குறையும், சத்தம் சற்றுக் குறையும், ஆபத்து ஏதும் இல்லை. ஆகவே விதி இதுதான்: ஸ்பீக்கரின் ஓம், ஆம்ப்ளிஃபையர் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியை உங்கள் சாதனங்களுக்கு எப்படிப் பொருத்துவது என்பதைப் பற்றியவை.

படி 1: ஆம்ப்ளிஃபையரின் பின்பலகையைப் படியுங்கள்

ஸ்பீக்கர் டெர்மினல்களுக்கு அருகில் "4–16 ஓம்" அல்லது "6 ஓம் முதல்" என்பது போல அச்சாகியிருக்கும். இதில் சிறிய எண்தான் முக்கியம். ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் அவுட்புட் இருந்தால் இரண்டு வரிகள் இருக்கும்: ஏ அல்லது பி தனியாக ஓடும்போது 4 ஓம் முதல், இரண்டும் சேர்ந்து ஓடும்போது 8 ஓம் முதல். இரண்டாவது வரியைப் பலரும் தவறவிடுகிறார்கள். பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் ஏ + பி என்றால் உள்ளே பேரலல் இணைப்பு (இரண்டு ஸ்பீக்கரும் ஒரே இரு முனைகளுக்கு இடையே பக்கம் பக்கமாக), அதனால்தான் அந்த எண் இரட்டிப்பாகிறது. சில பழைய மாடல்களில் ஏ + பி சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) இருக்கும். அவற்றில் ஒரு ஜோடியை மட்டும் மாட்டிவிட்டு ஏ + பி சுவிட்சை அழுத்தினால் சத்தமே வராது. கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம்.

கையேட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: 4 ஓமில் எத்தனை வாட்ஸ்? 8 ஓமில் 50, 4 ஓமில் 90 என்று எழுதியிருந்தால் பவர் சப்ளை பலமானது. 8 ஓமில் 50, 4 ஓமில் 60 என்றால் கரண்ட் கூடும்போது சப்ளை வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. 4 ஓம் அளவே கொடுக்கப்படவில்லை என்றால், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்வதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2: ஸ்பீக்கரில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

"8 ஓம்" என்பது ஒரு பெயரளவு எண். இம்பீடன்ஸ் (ஏ.சி சிக்னலுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலும் மாறிக்கொண்டே இருக்கும். வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) இயல்பாக அதிரும் ஃப்ரீக்வென்சியில், அதாவது அதன் ரெசொனன்ஸில், அது 30, 40 ஓம் வரை ஏறலாம். அதற்கு மேலே கீழிறங்கி ஒரு பள்ளத்தில் கிடக்கும். பிறகு வாய்ஸ் காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச்சுருளின்) இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். கிராஸ்ஓவர் (பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் சுற்று) இருந்தால் நடுவில் இன்னும் சில மேடுபள்ளங்கள். ஆம்ப்ளிஃபையரைச் சோதிப்பது மேடுகள் அல்ல, பள்ளங்கள்.

ஐ.இ.சி 60268 தரநிலைப்படி மிகக் குறைந்த இம்பீடன்ஸ், பெயரளவு எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 6.4 ஓம், 6 ஓமுக்கு 4.8, 4 ஓமுக்கு 3.2. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. "8 ஓம்" என்று விற்கப்படும் சில பெரிய டவர் ஸ்பீக்கர்கள் பேஸ் பகுதியில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு. கையேட்டில் "குறைந்தபட்ச இம்பீடன்ஸ்" என்று தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் பெயரளவு எண்ணை மறந்துவிட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மல்டிமீட்டரால் அளப்பது

லேபிள் இல்லாத ஸ்பீக்கரா, லேபிளை நம்ப முடியவில்லையா? வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர் வயரின் எதிர்ப்பு. ஸ்பீக்கரில் வரும் அளவிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். அறை அமைதியாக இருக்கட்டும். கோன் அசைந்தால் அதுவே மின்சாரத்தை உண்டாக்கி மீட்டரை ஆட்டும்.

கழித்த பிறகு 3 முதல் 3.8 வரை வந்தால் 4 ஓம் ஸ்பீக்கர். 4.2 முதல் 5 வரை என்றால் 6 ஓம். 5.5 முதல் 7 வரை 8 ஓம். 11க்கு மேல் 14 வரை என்றால் 16 ஓம். மீட்டர் காட்டும் இந்த டி.சி அளவு எப்போதும் பெயரளவு எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும், 8 ஓம் ஸ்பீக்கரில் 6 வருவது கோளாறு அல்ல. 2 ஓமுக்கும் கீழே வந்தால் காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது அது குறைந்த ஓம் கார் ஸ்பீக்கராக இருக்கலாம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது அல்லது உள்ளே வயர் விட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கிராஸ்ஓவர் உள்ள பெட்டியில் மீட்டர் காட்டுவது வூஃபரை மட்டுமே. ட்வீட்டருக்கு (ட்ரெபிள் ஸ்பீக்கருக்கு) முன்னால் கெபாசிட்டர் இருப்பதால் டி.சி அந்தப் பக்கம் போகாது. ட்வீட்டர் கருகியிருந்தாலும் பெட்டி நல்ல ஓம் காட்டும்.

உண்மையான இம்பீடன்ஸை அளக்க விரும்புபவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. 10 ஓம், 1 சதவீதத் துல்லியம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கரோடு சீரிஸாக இணையுங்கள். ஃபோனில் உள்ள டோன் ஜெனரேட்டர் ஆப்பிலிருந்து சைன் டோனை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, அவுட்புட் சுமார் 1 வோல்ட் வருமளவு வால்யூமை வையுங்கள். இப்போது ஏ.சி வோல்ட் ரேஞ்சில் ஸ்பீக்கரின் குறுக்கே ஓர் அளவு, ரெசிஸ்டரின் குறுக்கே ஓர் அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 10ஆல் பெருக்கினால் அந்த ஃப்ரீக்வென்சியின் இம்பீடன்ஸ். ஸ்பீக்கரில் 0.444, ரெசிஸ்டரில் 0.556 என்றால் 8 ஓம். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 30, 40, 60, 80, 100, 150, 200, 300, 400 என்று ஏறிப் போங்கள். சாதாரண மல்டிமீட்டர்களின் ஏ.சி அளவு 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பத் தொடங்கும். அதற்கு மேல் அளக்க சவுண்ட் கார்டும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும்.

படி 4: ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் என்றால் கணக்கு

ஆம்ப்ளிஃபையர்கள் அதிகம் சாவது இங்கேதான். ஒரு ஜோடி 4 ஓம் ஸ்பீக்கரால் போவதைவிட, "இன்னொரு ஜோடியையும் சேர்த்துக்கொள்வோம்" என்று அதே டெர்மினலில் செருகுவதால் போனவையே அதிகம்.

சீரிஸ் எளிது, கூட்டினால் போதும். 4 + 4 = 8; 8 + 8 = 16. பேரலலுக்கு இரண்டு எண்களையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 8-உம் 8-உம்: 64 வகுத்தல் 16 = 4 ஓம். 6-உம் 6-உம் 3 ஓம். 8-உம் 6-உம் 3.43 ஓம். 8-உம் 4-உம் 2.67 ஓம். கடைசி எண்ணைப் பாருங்கள்: 4 ஓம் தாங்கும் நல்ல ஆம்ப்ளிஃபையருக்கே அது பாரம்.

கணக்கு ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி. இடது, வலது இரண்டையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. ஒரு 8 ஓம் ஸ்பீக்கர் இடதிலும் இன்னொன்று வலதிலும் இருந்தால் ஆம்ப்ளிஃபையர் பார்ப்பது சேனலுக்கு 8 ஓம்தான்.

பேரலலில் 4 ஓமும் 8 ஓமும் சேர்ந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் இரு மடங்கு பவரை எடுக்கும். சீரிஸில் நிலைமை தலைகீழ்: 8 ஓம்தான் அதிகம் எடுக்கும். வெவ்வேறு மாடல் ஸ்பீக்கர்களைச் சீரிஸில் போடாதீர்கள். ஒன்றின் இம்பீடன்ஸ் மேடுபள்ளம் மற்றொன்றின் ஒலியைக் கெடுக்கும். ஒன்றில் பேஸ் பொங்கும், இன்னொன்றில் வற்றும். ஒரே மாடல் இரண்டு என்றால் மின்னழுத்தம் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் சரிபாதியாகப் பிரியும், ஒலியின் தன்மை மாறாது.

ஒரு சேனலில் ஒரே மாதிரி நான்கு 8 ஓம் ஸ்பீக்கர் ஓட வேண்டுமா? இரண்டிரண்டாகச் சீரிஸில் இணைத்து (16, 16), அந்த இரு ஜோடிகளையும் பேரலலில் போடுங்கள். மொத்தம் 8 ஓம். ஒவ்வொன்றுக்கும் ஆம்ப்ளிஃபையர் பவரில் கால் பங்கு. அதற்கும் மேலே பல அறைகளுக்குப் போவதென்றால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வால்யூம் கன்ட்ரோல் அல்லது 100 வோல்ட் லைன் முறைதான் சரியான பாதை.

இரட்டை வாய்ஸ் காயில் சப்வூஃபரிலும் இதே கணக்கு. 4 + 4 ஓம் காயில் என்றால் சீரிஸில் 8, பேரலலில் 2. வீட்டு ஆம்ப்ளிஃபையருக்குச் சீரிஸ் மட்டுமே. ஆக்டிவ் சப்வூஃபரை ஸ்பீக்கர் டெர்மினல் வழியாக இணைத்தால் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்; அதன் இன்புட் இம்பீடன்ஸ் மிக அதிகம். பை-வயரிங்கும் (ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி வயர் ஓட்டுவதும்) ஓமைக் குறைக்காது. ஜம்பர் தகடுகளைக் கழற்றிய பிறகு பேஸ் கரண்ட் ஒரு வயரிலும் ட்ரெபிள் கரண்ட் மற்றொன்றிலும் போகிறது, அவ்வளவே.

படி 5: எண் பொருந்தவில்லை என்றால்

8 ஓம் குறைந்தபட்சம் என்று எழுதிய ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டவுடன் புகை வராது. மெல்லிய சத்தத்தில் ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் குறைவு. 8 ஓமில் 1 வாட் என்பது 2.83 வோல்ட், 0.35 ஆம்பியர். 4 ஓமில் அதே வோல்ட்டுக்கு 0.71 ஆம்பியர். இதை எந்த ஆம்ப்ளிஃபையரும் தரும். வால்யூம் ஏறும்போதுதான் பிரச்சினை, அதுவும் பலர் நினைக்கும் இடத்தில் அல்ல. பிளஸ் 35, மைனஸ் 35 வோல்ட் சப்ளையில் ஓடும் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையரில், 8 ஓம் பாரத்துக்கு ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் அதிகபட்சம் சுமார் 31 வாட்ஸ் சூடாகிறது. 4 ஓமுக்கு 62 வாட்ஸ். இந்த உச்சச் சூடு முழு பவரில் வருவதில்லை. முழு பவரின் சுமார் 40 சதவீதத்தில் வருகிறது. "முழுசா வைக்கலையே, பாதிதானே வைத்தேன்" என்பது டிரான்சிஸ்டருக்கு ஆறுதல் அல்ல.

ஓமை உயர்த்த 4 ஓம் ரெசிஸ்டரைச் சீரிஸில் போடலாமே என்று தோன்றும். ஆம்ப்ளிஃபையர் பிழைக்கும், ஒலி பிழைக்காது. பாதி பவர் ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகும். கோனைக் கட்டுப்படுத்தும் பிடி தளர்ந்து பேஸ் தொளதொளவென்றாகும். அறிவிப்புகளுக்கும் பின்னணி இசைக்கும் வேண்டுமானால் பரவாயில்லை. கேட்டு ரசிப்பதற்கு ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதே வழி.

ஏ.வி ரிசீவர்களில் "4 ஓம் / 8 ஓம்" அல்லது "6 ஓம் / 8 ஓம்" என்று ஒரு செட்டிங் இருக்கும். பல மாடல்களில் அது செய்வது சப்ளை வோல்டேஜைக் குறைப்பது. பவர் குறையும், சூடும் குறையும். ஸ்பீக்கருக்கு எதையும் "பொருத்துவதில்லை". கையேடு 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த செட்டிங்கைக் கேட்டால் அப்படியே வையுங்கள்.

பிரிட்ஜ் முறையில் இரண்டு சேனலைச் சேர்த்து ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைப் பார்க்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் அங்கே 4 ஓம். 4 ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபையருக்குப் பிரிட்ஜில் குறைந்தபட்சம் 8.

சிறிய கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் ஒவ்வொரு சேனலும் உள்ளேயே பிரிட்ஜ் ஆனது. அவற்றின் மைனஸ் டெர்மினல்கள் கிரவுண்ட் அல்ல. இரண்டு சேனலின் மைனஸையும் ஒன்றாக இணைத்தால் ஐசி போய்விடும். பழைய வீட்டு வயரிங்கில் மூன்று வயர் (இரண்டு பிளஸ், ஒரு பொது மைனஸ்) மட்டும் ஓடுகிற இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

படி 6: வால்வு ஆம்ப்ளிஃபையர் என்றால் விதி வேறு

இதுவரை சொன்னது டிரான்சிஸ்டருக்கும் ஐசிக்கும். வால்வில் "மேட்சிங்" என்ற சொல் தன் முழு அர்த்தத்தோடு வருகிறது. 5000 ஓம் பாரத்தை எதிர்பார்க்கும் வால்வுக்கு 8 ஓம் ஸ்பீக்கரை அப்படிக் காட்டுவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5000 வகுத்தல் 8 என்பது 625, அதன் வர்க்கமூலம் 25. ஆகவே சுற்று விகிதம் 25க்கு 1. அதே டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் டேப்பில் (8 ஓமுக்கான முனையில்) 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 2500 ஓம். பவர் குறையும், டிஸ்டார்ஷன் ஏறும், வால்வு சீக்கிரம் தேயும். 4 ஓமுக்கு 4 டேப், 8க்கு 8, 16க்கு 16. ஸ்பீக்கர் 6 ஓம் என்றால் 4, 8 இரண்டிலும் கேட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் கொடுக்கவே கூடாது. பாரம் இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இன்சுலேஷனை உடைக்கும்.

படி 7: வயர், இணைப்பு, முதல் சோதனை

வயரின் எதிர்ப்பு, போய்த் திரும்பும் இரண்டு வழிக்கும் சேர்த்து, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. பத்து மீட்டர் தூரத்துக்குச் செம்பு வயரில், 0.75 சதுர மி.மீ. தருவது 0.46 ஓம், 1.5 தருவது 0.23, 2.5 தருவது 0.14. ஆகவே அந்தத் தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 போதும், 4 ஓமுக்கு 2.5 வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் என்றால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

ஆம்ப்ளிஃபையரின் மின் இணைப்பை அணைத்துவிட்டு வயரின் முனையில் 10 முதல் 12 மி.மீ. உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒரு இழை கூட வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த டெர்மினலைத் தொடக் கூடாது. தலைமுடி அளவு இழைதான் பெரும்பாலான ஷார்ட்டுக்குக் காரணம். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் ஆபத்து இல்லை, ஆனால் பேஸ் மெலிந்து, பாட்டு நடுவில் நில்லாமல் எங்கேயோ மிதக்கும்.

பழைய ஆம்ப்ளிஃபையர் என்றால் ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் (வால்வு அல்லாதவற்றில் மட்டும்) சிக்னல் இல்லாமல் ஆன் செய்து டெர்மினலில் டி.சி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் சரிபார்க்காமல் மாட்ட வேண்டாம்.

பிறகு வால்யூமைச் சுழியத்தில் வைத்து ஆன் செய்து மெல்ல ஏற்றுங்கள். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். மூடியின் மேல் கை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாத சூடு என்றால் பாரம் அதிகம், அல்லது காற்றோட்டம் இல்லை. மேலே குறைந்தது 10 செ.மீ. இடைவெளி வேண்டும்.

ஏதாவது தப்பினால்

பேஸ் இடிக்கும்போது மட்டும் "டக்" என்று ரிலே (ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து சத்தம் நின்றால் கரண்ட் எல்லை மீறுகிறது. குறைந்த ஓம்தான் முதல் சந்தேகம். இருபது, முப்பது நிமிடம் ஓடி அணைந்து, ஆறியதும் மறுபடி ஓடினால் சூடு. வால்யூம் சுழியத்தில் இருக்கும்போதே ரிலே ஒட்டவில்லை என்றால் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போது ஒட்டினால் கோளாறு வெளியே: ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டி எது விழவைக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் வயரை மீட்டரில் அளந்து பாருங்கள். கழற்றிய பின்னும் ஒட்டவில்லை என்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையரின் உள்ளே. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில், அதே வகையில் மட்டும் மாற்றுங்கள். இரண்டாவதும் உடனே போனால் மூன்றாவதைப் போடாமல் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைச் சோதிக்கக் கொடுத்துவிடுங்கள்.